நீரிழிவு எந்தெந்த வகுப்பில் வருகிறது? மருத்துவப் பாடத்திட்ட வரைபடம் – வாசகர் கேள்வி பதில்

ஐந்தாண்டு மருத்துவப் படிப்பில் எந்த நோய், எந்த மருந்து, எந்தத் திறன் எந்த வகுப்பில் சொல்லித் தரப்படுகிறது? தரப்படுத்தப்பட்ட மருத்துவச் சொல்தொகுதிகளைக் கொண்டு வகுப்புகளுக்குக் குறியீடு இட்டு இதைக் கண்டறியும் ‘பாடத்திட்ட வரைபடம்’ என்ற முறை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும் இவை.

எல்லாப் பாடக் குறிப்புகளும் கணினியில்தான் இருக்கின்றன. சொல்லைத் தட்டித் தேடினால் வந்துவிடுமே, தனியாக ஒரு சொல்தொகுதி எதற்கு? – பாடத்திட்டக் குழு உறுப்பினர்

மாரடைப்பைத் தேடிப் பாருங்கள். நோயியல் துறைக் குறிப்பில் அது ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’. பொது மருத்துவத்தில் ‘எம்.ஐ.’, அவசர சிகிச்சையில் ‘ஸ்டெமி’, சமூக மருத்துவத்தில் ‘ஹார்ட் அட்டாக்’. ஒன்றைத் தேடினால் மற்ற மூன்றும் கைநழுவிப் போகும். பிறகு, ‘அவசர சிகிச்சையில் மாரடைப்பே கற்பிக்கவில்லை’ என்று கூட்டத்தில் அறிக்கை படிப்பார்கள். துறைத் தலைவருக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

சொல்தொகுதி இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, ஒரே பொருளுடைய பெயர்களை ஒரே எண்ணின் கீழ்க் கொண்டுவருவது. பல மருத்துவச் சொல்தொகுதிகளை இணைக்கும் யு.எம்.எல்.எஸ். தொகுதியில் மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷனும் ஹார்ட் அட்டாக்கும் சி0027051 என்ற ஒரே எண்தான். இரண்டாவது, எது எதற்குள் அடங்கும் என்று சொல்வது. ஸ்டெமி மாரடைப்பின் ஒரு வகை, ஆகவே அதற்குக் கீழே நிற்கும். ‘அக்யூட் கரோனரி சிண்ட்ரோம்’ அப்படியல்ல. அதில் அன்ஸ்டேபிள் ஆஞ்சைனாவும் (மாரடைப்பாக முற்றாத நெஞ்சுவலி) சேரும் என்பதால் அது மாரடைப்பைவிட அகலமானது. இந்த ஏற்ற இறக்கம் தெரிந்தால்தான் ‘இதய நோய் தொடர்பான வகுப்புகள் எல்லாம்’ என்று கேட்டவுடன் கீழுள்ள கிளைகள் அனைத்தையும் சேர்த்து எடுக்க முடியும்.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. பாடத்திட்ட வரைபடம் என்றால் என்ன, அதில் எவையெல்லாம் இருக்க வேண்டும் என்று மருத்துவக் கல்வி அறிஞர் ரொனால்ட் ஹார்டன் 2001இல் விரிவாக எழுதினார். விரிவுரைக் குறிப்புகளிலிருந்து யு.எம்.எல்.எஸ். கருத்துருக்களை (ஒரே எண்ணின் கீழ் வரும் பொருள்களை) கணினியே கண்டெடுக்கும் ‘நாலெட்ஜ்மேப்’ என்ற அமைப்பைப் பற்றி அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் 2003இல் ஆய்விதழில் எழுதினார்கள். சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான ‘இலியோஸ்’ என்ற திறமூல மென்பொருளில் ஒவ்வொரு வகுப்புக்கும் மெஷ் என்ற மருத்துவச் சொல்தொகுதியின் தலைப்புகளை இணைக்கும் வசதி உண்டு.

மெஷ், யு.எம்.எல்.எஸ்., ஸ்னோமெட், ஐ.சி.டி. – இத்தனை இருக்கின்றன. எதை எடுப்பது? – மருத்துவக் கல்லூரி நூலகர்

ஒவ்வொன்றும் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

மெஷ், ஆய்வுக் கட்டுரைகளுக்குத் தலைப்பிட அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960இல் தொடங்கியது. சுமார் 30,000 தலைப்புகள், 16 பெரும்பிரிவுகள். உடற்கூறு, நோய், மருந்து ஆகியவற்றோடு உளவியல், கல்வி, சுகாதார நிர்வாகம் போன்றவற்றுக்கும் இடம் உண்டு. பாடத்திட்டத்துக்கு இந்த அகலம் மிகவும் தேவை. பப்மெட் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடுதளத்தில் தேடிப் பழகிய நூலகருக்கு இது கைவந்த கலை. நுணுக்கம் சற்றுக் குறைவு என்பதே இதன் குறை.

ஸ்னோமெட் சி.டி. நோயாளியின் மருத்துவப் பதிவுக்காக உருவானது. மூன்றரை லட்சத்துக்கு மேல் கருத்துருக்கள் கொண்டது. பரிசோதனை முறை, அறுவைச் செயல்முறை, இடப்பக்கமா வலப்பக்கமா என்பதுவரை போகும். இந்த நுணுக்கமே ஒரு மணி நேர விரிவுரைக்குத் தொந்தரவு. ஒருவர் ‘நிமோனியா’ என்று குறிப்பார், இன்னொருவர் ‘சமூகத்தில் தொற்றிய நிமோனியா’ என்று குறிப்பார். இருவரும் சொல்வது சரி, ஆனால் குறியீடு பொருந்தாது.

ஐ.சி.டி. நோய், இறப்புப் புள்ளிவிவரங்களுக்கானது. நோயியக்கம், உடலியங்கியல், மருந்தியல் எல்லாம் அதன் எல்லைக்கு வெளியே. முதலாம் ஆண்டுப் பாடத்தை ஐ.சி.டி.யால் குறிக்கப் போனால் பெரும்பகுதி வெற்றிடமாகவே கிடக்கும். ‘சமுதாயத்தில் அதிகம் காணப்படும் நோய்களைப் போதுமான அளவு கற்பிக்கிறோமா’ என்று ஒப்பிடும் கட்டத்தில் மட்டும் அதை எடுங்கள்.

யு.எம்.எல்.எஸ். தனிச் சொல்தொகுதி அல்ல. மேற்சொன்னவை உள்பட பல தொகுதிகளை இணைக்கும் பாலம். 1986இல் தொடங்கிய திட்டம். ஒவ்வொரு கருத்துருவும் ‘நோய்’, ‘உடலுறுப்பு’, ‘மருந்துப் பொருள்’ என்பது போன்ற 127 பொருள்வகைகளில் ஒன்றிலோ பலவற்றிலோ சேரும். உரிமம் இலவசம், ஆனால் விண்ணப்பித்துப் பெற வேண்டும். உள்ளே இருக்கும் சில தொகுதிகளுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. கல்லூரி இணையத்தில் பொதுவில் வைக்கும் முன் அவற்றைப் படித்துவிடுங்கள்.

என் பரிந்துரை: வகுப்புகளுக்கு மெஷ், பின்னணியில் இணைப்புக்கு யு.எம்.எல்.எஸ். எண், மருத்துவமனைப் பயிற்சியில் செய்முறைகளைக் குறிக்க மட்டும் ஸ்னோமெட்.

முதன்முறையாகத் தொடங்குகிறோம். ஆசிரியர்கள் இருவர், ஒரு நூலகர். எங்கிருந்து ஆரம்பிப்பது? – மருத்துவக் கல்விப் பிரிவு

முழுப் பாடத்திட்டத்திலும் கை வைக்காதீர்கள். இதயம்–சுவாசம் போன்ற ஒரு தொகுப்பை மட்டும் எடுத்து அதை முழுமையாக முடியுங்கள். பாதியில் நிற்கும் வரைபட வேலைகள் பெரும்பாலும் ஐந்தாண்டையும் ஒரே மூச்சில் தொட்டவைதான்.

அடுத்து, எதற்குக் குறியீடு இடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள். பாடம் முழுமைக்கும் இட்டால் எல்லாப் பாடத்திலும் எல்லாம் இருக்கும். ஸ்லைடுக்கு ஸ்லைடு இட்டால் ஒரு வருடம் போய்விடும். ‘ஒரு ஆசிரியர், ஒரு தலைப்பு, ஒரு நேரம்’ என்ற வகுப்பே சரியான அலகு. எக்செல் தாளில் ஒரு வகுப்புக்கு ஒரு வரிசை: எண், ஆண்டு, வாரம், துறை, நிமிடங்கள், கற்பிக்கும் முறை, மதிப்பீட்டு முறை, கற்றல் நோக்கங்கள். கற்றல் நோக்கங்களை ஒரே கட்டத்தில் திணிக்காமல் தனித் தாளில், வகுப்பு எண்ணோடு ஒவ்வொரு வரியாக வையுங்கள். குறியீடுகளுக்கும் தனித்தாள்: வகுப்பு எண், குறியீடு, முதன்மையா துணையா, எந்த அளவில், யார் இட்டது, எந்தத் தேதியில்.

முதன்மை, துணை என்ற பிரிவு மிக முக்கியம். அந்த வகுப்பிலிருந்து தேர்வுக் கேள்வி கேட்டால் நியாயம் என்று ஆசிரியர் ஒப்புக்கொள்வது முதன்மை. பேச்சுவாக்கில் வந்து போவது துணை. இரண்டும் சேர்த்து 3 முதல் 7 குறியீடுகள் ஒரு மணி நேர வகுப்புக்குப் போதும். ‘எந்த அளவில்’ என்பதற்கு அறிமுகம், விரிவு, பயன்பாடு என்ற மூன்றே படிகள் வைத்தால் சண்டை குறையும்.

பிறகு 50 வகுப்புகளை எடுத்து, இருவர் தனித்தனியாக, ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் குறியிட வேண்டும். ஒப்பிடும் கணக்கு எளிது. முதலாமவர் 5 குறியீடு போட்டார், இரண்டாமவர் 6 போட்டார், பொதுவானவை 4 என்றால் இருவரும் சேர்த்துப் போட்ட வெவ்வேறு குறியீடுகள் 7. நான்கை ஏழால் வகுத்தால் 0.57. எண்ணைவிட, பொருந்தாமல் போனவை ஏன் போயின என்பதே பயனுள்ளது. ஒருவர் கீழ்க்கிளைக்குப் போனாரா? ஒருவர் நோயைக் குறித்தார், மற்றவர் மருந்தைக் குறித்தாரா? ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு விதி எழுதுங்கள். ‘வகுப்பு எவ்வளவு குறிப்பாகப் பேசுகிறதோ அவ்வளவு கீழே உள்ள தலைப்பைப் போடு, மூன்றுக்கு மேற்பட்ட கீழ்க்கிளைகள் வந்தால் மேல்தலைப்பைப் போடு’ – இது போன்ற விதிகள் ஒன்றரைப் பக்கத்துக்குள் அடங்கினால் ஆசிரியர்கள் உண்மையாகவே படிப்பார்கள். நான்கு பக்கமானால் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். விதி எழுதியபின் வேறு 20 வகுப்புகளில் மறுபடி சோதித்துவிட்டு மீதிக்குப் போங்கள்.

முடிந்ததும் அந்தந்த ஆசிரியருக்கு அவரவர் வகுப்பின் குறியீடுகளை அனுப்பி, ‘எதை நீக்க, எதைச் சேர்க்க’ என்று கேளுங்கள். காலித் தாளை நீட்டி ‘குறியீடு போட்டுத் தாருங்கள்’ என்றால் யாரும் தரமாட்டார்கள். போட்டதைத் திருத்தச் சொன்னால் பத்து நிமிடத்தில் திருத்தி அனுப்புவார்கள்.

ஸ்லைடுகளை எல்லாம் கணினியில் கொடுத்துத் தானாகவே குறியீடு எடுக்கச் செய்தேன். பட்டியலைப் பார்த்து ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எங்கே தவறு? – மென்பொருள் பொறியாளர்

ஓரிடத்தில் இல்லை, பல இடங்களில் இருக்கும்.

முதலில் ஸ்லைடின் அடிக்குறிப்பைப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்லைடின் கீழும் ‘அறுவை சிகிச்சைத் துறை’ என்று அச்சாகியிருந்தால், 60 ஸ்லைடு வகுப்பில் அறுவை சிகிச்சை 60 முறை பேசப்பட்டதாகக் கணினி எண்ணும். மேற்கோள் நூல் பட்டியல் உள்ள கடைசி ஸ்லைடும் அப்படித்தான். கட்டுரைத் தலைப்புகளில் உள்ள நோயெல்லாம் பாடத்தில் சேர்ந்துவிடும். தலைப்புப் பட்டை, அடிக்குறிப்பு, மேற்கோள் ஸ்லைடு மூன்றையும் முதலில் வெட்டுங்கள். மறுபக்கம், படமாக ஒட்டிய அட்டவணைகளும் ஸ்கேன் செய்த பக்கங்களும் கணினிக்கு வெறுமையாகத் தெரியும். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி வைத்து எடுக்காவிட்டால், படங்கள் அதிகமுள்ள கதிரியக்கவியலும் தோல் மருத்துவமும் ஒன்றுமே கற்பிக்காத துறைகளாகத் தோன்றும்.

அடுத்தது சுருக்கெழுத்து. ‘எம்.எஸ்.’ என்பது நரம்பியலில் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், இதயவியலில் மைட்ரல் ஸ்டெனோசிஸ், வலிநிவாரணத்தில் மார்ஃபின் சல்ஃபேட், உயிர்வேதியியலில் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி. ‘பி.டி.’ என்றால் புரோத்ராம்பின் நேரமா, பிசியோதெரபியா? இதைத் தீர்க்க நுட்பமான நிரல் தேவையில்லை. துறைவாரியாக ஒரு சுருக்கப் பட்டியல் செய்து, வாசகத்தைக் கொடுக்கும் முன்பே விரித்துவிடுங்கள். 200 வரிப் பட்டியல் பெரும்பாலான தவறுகளைத் தடுக்கும்.

மூன்றாவது, சாதாரண ஆங்கிலச் சொற்கள். ஈ.சி.ஜி. வகுப்பில் வரும் ‘லீட்’ ஈயம் என்ற உலோகமாக மாறி நச்சியலில் போய் உட்காரும். ‘டிஸ்சார்ஜ்’ வீட்டுக்கு அனுப்புவதா, சீழ் வடிவதா? ‘கல்ச்சர்’ நுண்ணுயிர் வளர்ப்பா, பண்பாடா? மரபணுப் பெயர்கள் இன்னும் மோசம். விஸ்காட்–ஆல்ட்ரிச் நோய்க்குறிக்குக் காரணமான மரபணுவின் குறியீடு ‘வாஸ்’. ஆங்கிலத்தில் ‘இருந்தது’ என்ற சொல்லின் அதே எழுத்துக்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை நிரல் கவனிக்காவிட்டால் இறந்தகாலத்தில் எழுதிய வாக்கியமெல்லாம் மரபணு வகுப்பாகிவிடும். இங்கேதான் யு.எம்.எல்.எஸ்.ஸின் பொருள்வகை கைகொடுக்கும். 127இல் பாடத்திட்டத்துக்கு வேண்டிய நோய், அறிகுறி, உறுப்பு, செயல்முறை, மருந்து போன்ற சில வகைகளை மட்டும் அனுமதியுங்கள். மரபணு வகையை மரபியல் வகுப்புகளுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

நான்காவது எதிர்மறை. ‘காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை’ என்று நோயாளி வரலாறு இருக்கும். கணினி காய்ச்சலையும் இருமலையும் குறிக்கும். எதிர்மறையைக் கண்டறியும் ‘நெக்எக்ஸ்’ போன்ற எளிய விதிமுறைகள் உள்ளன, சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘வேறு எந்த நோயாக இருக்கலாம்’ என்ற பட்டியலில் 12 நோய்களின் பெயர் வந்தால் எந்த நிரலும் தடுமாறும். பெயர் வந்துவிட்டது, ஆனால் கற்பிக்கப்படவில்லை. ஒரே ஒரு ஸ்லைடில் மட்டும் வந்து கற்றல் நோக்கங்களில் இல்லாத கருத்துருவைத் துணை என்றே வையுங்கள்.

கற்றல் நோக்கங்களையும் ஸ்லைடுகளையும் தனித்தனியாக ஓடவிடுவது நல்லது. முன்னது ஆசிரியர் கற்பிக்க நினைத்தது, பின்னது உண்மையில் கொண்டுவந்தது. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியே ஒரு கண்டுபிடிப்பு.

வாசகத்திலிருந்து யு.எம்.எல்.எஸ். கருத்துருக்களை எடுக்கும் மெட்டாமேப் போன்ற கருவி எதுவானாலும், கையால் குறித்த வகுப்புகளோடு ஒப்பிட்டு அளக்காமல் நம்பாதீர்கள். கணினி 40 குறியீடு தந்து, அதில் 28 சரி என்றால் துல்லியம் 0.70. கையால் குறித்தவை 35 என்றால், 28ஐ 35ஆல் வகுக்க, மீட்பு 0.80. துறைவாரியாக இந்த இரண்டையும் எழுதி வையுங்கள். சராசரிக்குள் ஒரு துறையின் மோசமான நிலை ஒளிந்துகொள்ளும். பெரிய மொழி மாதிரிகளைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறக்கக் கூடாது: தலைப்பின் பெயரை அவற்றிடம் கேளுங்கள், எண்ணைக் கேட்காதீர்கள். இல்லாத எண்ணையும் பார்வைக்குச் சரியானது போலவே எழுதித் தரும். பெயரை வாங்கி, எண்ணை அதிகாரபூர்வ அட்டவணையில் நீங்களே எடுங்கள்.

வரைபடம் தயாராகிவிட்டது. சுவாச நோய்களைவிட வளர்சிதைமாற்ற நோய்களுக்கு மூன்று மடங்கு குறியீடுகள். வகுப்புகளைக் குறைத்துவிடலாமா? – கல்லூரி முதல்வர்

பொறுங்கள். குறியீடுகளின் எண்ணிக்கை நேரம் ஆகாது. 50 நிமிட வகுப்பு ஒன்றில் 6 குறியீடும், இன்னொரு 50 நிமிட வகுப்பில் 1 குறியீடும் இருந்தால் முதலாவது ஆறு மடங்கு கற்பிக்கப்பட்டதாக வரைபடம் காட்டும். நிமிடங்களைப் பங்கிட வேண்டும். நீரிழிவு மருந்துகள் பற்றிய 60 நிமிட வகுப்பில் நீரிழிவும் மெட்ஃபார்மினும் முதன்மை, தாழ் சர்க்கரையும் சிறுநீரகச் செயலிழப்பும் துணை என்று வைப்போம். முதன்மைகளுக்கு 80 விழுக்காடு, துணைக்கு 20 என்று கொண்டால் நீரிழிவுக்கு 24, மெட்ஃபார்மினுக்கு 24, மற்ற இரண்டுக்கும் தலா 6. கூட்டினால் 60. இந்த 80–20 நாமே வைத்துக்கொள்ளும் ஏற்பாடுதான். அறிக்கையில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பொறி மெஷ் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. அதில் ஒரு தலைப்பு பல கிளைகளில் தொங்கும். நீரிழிவு, சி18 என்ற ஊட்டச்சத்து–வளர்சிதைமாற்ற நோய்களிலும் இருக்கும், சி19 என்ற நாளமில்லாச் சுரப்பி நோய்களிலும் இருக்கும். அந்த 24 நிமிடத்தை இரண்டு கிளையிலும் போட்டால் 48 நிமிடமாகிவிடும். நிமோனியாவும் சுவாச நோய், தொற்று என்ற இரண்டு இடத்தில் வரும். மொத்தக் கணக்குக்கு, ஒரு தலைப்பை எத்தனை கிளையில் இருந்தாலும் ஒருமுறைதான் எண்ண வேண்டும். கிளைவாரி ஒப்பீட்டுக்கு, நிமிடத்தைக் கிளைகளுக்குச் சமமாகப் பிரிக்கலாம் அல்லது தலைப்புக்கு ஒரு முதன்மைக் கிளையை முன்கூட்டியே தீர்மானிக்கலாம். இரண்டில் எதைச் செய்தாலும் எல்லா ஆண்டுக்கும் அதையே செய்யுங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் மூன்று மடங்கு என்றால், அதைத் துறைகளோடு உட்கார்ந்து பேசும் தலைப்பாக எடுத்துச் செல்லுங்கள். வகுப்பை வெட்டும் உத்தரவாக எடுத்துச் செல்ல வேண்டாம். மருத்துவமனை வார்டில் படுக்கையருகே கற்பது பெரும்பாலும் எந்த ஸ்லைடிலும் இருக்காது. சுவாச நோய்கள் அங்கே நிறையக் கற்பிக்கப்படுகின்றனவா என்று கேட்காமல் முடிவெடுப்பது அநியாயம்.

உயர் ரத்த அழுத்தம் 11 வகுப்புகளில் வருகிறது. திரும்பத் திரும்ப வருவது வீண்தானே? – உடலியங்கியல் பேராசிரியை

வீண் என்று எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. முதலாண்டில் அழுத்தம் எப்படி உருவாகிறது, இரண்டாம் ஆண்டில் மருந்து எங்கே வேலை செய்கிறது, நான்காம் ஆண்டில் இந்த நோயாளிக்கு எது பொருந்தும் என்று படிப்படியாக ஏறினால் அது நல்ல பாடத்திட்டம். அந்த 11 வகுப்புகளையும் வார வரிசைப்படி அடுக்கி, பக்கத்தில் ‘அறிமுகம், விரிவு, பயன்பாடு’ என்ற படியை எழுதிப் பாருங்கள். ஐந்து இடத்தில் ‘அறிமுகம்’ என்றே இருந்தால் அங்கேதான் நேரம் மிச்சமாகும்.

அப்படி அடுக்கும்போது அந்த வகுப்புகளின் ஸ்லைடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு துறை 140/90 முதல் உயர் அழுத்தம் என்று சொல்லியிருக்கும். இன்னொரு துறை, அமெரிக்க இதய அமைப்புகள் 2017இல் வெளியிட்ட வழிகாட்டலைப் பின்பற்றி 130/80 என்று சொல்லியிருக்கும். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ஆனால் ஏன் வேறுபடுகிறது என்று எவரும் சொல்லாமல் விட்டால் மாணவர்தான் தவிப்பார். இதைக் குறியீடு சொல்லாது. எந்த 11 வகுப்பைப் படிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். வரைபடத்தால் கிடைக்கும் பயன்களில் இதையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

மாணவர்களுக்கு இதனால் என்ன கிடைக்கும்? – மூன்றாம் ஆண்டு மாணவர்

தேடினால் ஒரு தலைப்பின் எல்லா வகுப்புகளும் ஒரே இடத்தில் கிடைக்கும். அதைவிட, தேர்வுக் கேள்விகளுக்கும் இதே குறியீட்டைப் போடச் சொல்லிக் கேளுங்கள். கற்பித்த நிமிடங்களையும் கேட்ட மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மூன்று மணி நேரம் கற்பித்து ஒரு கேள்வியும் வராத தலைப்பும், எங்குமே கற்பிக்காமல் கேட்கப்பட்ட தலைப்பும் உடனே தெரியும்.

நோயாளியிடம் பேசும் முறை, அறம், குழுவாக வேலை செய்வது – இவற்றுக்கெல்லாம் குறியீடு உண்டா? – உளவியல் துறை ஆசிரியர்

ஓரளவு உண்டு. தகவலறிந்த ஒப்புதல், மருத்துவர்–நோயாளி உறவு, உண்மையை நோயாளிக்குத் தெரிவித்தல் ஆகியவற்றுக்கு மெஷ் தலைப்புகள் இருக்கின்றன. ஆனால் அவை பேசுபொருளைக் குறிக்குமே தவிர திறனைக் குறிக்காது. ‘துயரச் செய்தியைச் சொல்வது’ பற்றி விரிவுரை கேட்டதும், நடிப்பு நோயாளியிடம் சொல்லிப் பழகியதும் ஒரே குறியீட்டில் வந்து நிற்கும். அதனால் இரண்டாவது அச்சாக ஒரு திறன் சட்டகத்தை இணையுங்கள். கனடாவின் கேன்மெட்ஸ், மருத்துவர் ஏற்க வேண்டிய ஏழு பாத்திரங்களைக் கொண்டது, பலரும் பயன்படுத்துவது. மூன்றாவது அச்சு கற்பிக்கும் முறை. இதற்கு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் தரப்படுத்திய பட்டியல் இருக்கிறது. மூன்றையும் குறுக்காக வைத்துப் பார்த்தால், அறம் எல்லா ஆண்டிலும் இருக்கிறது, ஆனால் எல்லாமே விரிவுரை என்பது போன்ற செய்திகள் தெரியும்.

எங்கும் கிடைக்காததற்கு நீங்களே குறியீடு உருவாக்கலாம். தனி முன்னெழுத்து வைத்து, பொருள் விளக்கம் ஒரு வரி எழுதி, யாரும் தன் விருப்பத்துக்குச் சேர்க்க முடியாதபடி ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

ஒருமுறை செய்தால் எத்தனை வருடம் தாங்கும்? – பதிவாளர் அலுவலகம்

மெஷ் ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது, யு.எம்.எல்.எஸ். ஆண்டுக்கு இருமுறை வெளியாகிறது. வைரஸ் நோய்களுக்கும் ஒட்டுண்ணி நோய்களுக்கும் முன்பு சி02, சி03 என்று தனிக் கிளைகள் இருந்தன. இப்போது அவை சி01 என்ற தொற்றுகளுக்குள் வந்துவிட்டன. கிளை எண்ணைச் சேமித்து வைத்திருந்தவர்களின் பழைய கணக்கு அப்படியே உடைந்தது. கோவிட்-19, 2020இல் துணைக் கருத்துருவாக வந்து 2021இல்தான் முழுத் தலைப்பானது. ஆகவே கிளை எண்ணை ஒருபோதும் சேமிக்காதீர்கள். நீரிழிவுக்கு டி003920 என்பது போல ஒவ்வொரு தலைப்புக்கும் உள்ள தனி எண்ணையும், எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் சேமியுங்கள். கிளைகளை அறிக்கை எடுக்கும்போது அந்தந்தப் பதிப்பிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம்.

கல்வியாண்டு தொடங்குமுன் நீக்கப்பட்ட, பெயர் மாறிய தலைப்புகளின் பட்டியலை நூலகர் ஓட்டிப் பார்க்கட்டும். வகுப்பு மாறினால் குறியீடும் மாற வேண்டும் என்பதைக் கால அட்டவணைப் படிவத்திலேயே ஒரு கட்டமாகச் சேர்த்துவிடுங்கள். தனி மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் இரண்டாம் ஆண்டே நின்றுபோகும்.